அப்பாவின் டிரங்க் பெட்டி: முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குக் கேள்வி பதில்

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். 1953இல் அந்தத் தேதியில்தான் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஜெனரல் கரியப்பா ஓய்வு பெற்றார். நம் வீடுகளில் அன்று போகியோ பொங்கலோ வந்துவிடுவதால் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. இந்த வருடம் சில பிள்ளைகள் "அப்பாவுக்கு ஏதாவது செய்யணும், என்ன செய்யலாம்?" என்று கேட்டார்கள். அதனால்தான் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டென்டாக 24 வருடம். சுபேதாராக வெளியே வந்து (படையில் சுபேதாரை "சாப்" என்பார்கள்), இ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக் ஒன்றில் கொஞ்ச வருடம். உடம்பு, மனசு, காகிதம் இந்த மூன்றையும் கேளுங்கள். பென்ஷன் கணக்கும் கோர்ட் கேஸும் எனக்குத் தெரியாது.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. போகிக்குப் பழசை எரிக்கும்போது அப்பாவின் டிரங்க் பெட்டிப் பக்கம் போகாதீர்கள். டிஸ்சார்ஜ் புக்கை (படையிலிருந்து விடுவித்ததற்கான சான்றுப் புத்தகம்) எரித்துவிட்டு அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆற்காடு: அப்பா 1971 போரில் இருந்தவர். வயது 78. மெடல்களை பிரேம் போட்டுப் பரிசாகத் தரலாம் என்று இருக்கிறேன். எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. எப்படிப் பளபளப்பாக்குவது?

பளபளப்பாக்க வேண்டாம். புளி, எலுமிச்சை, விபூதி, பித்தளை பாலிஷ் எதுவும் கூடாது. மெடலின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், அவருடைய நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். தேய்க்கத் தேய்க்க அதுதான் முதலில் போகும். காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ரிப்பன் நைந்திருந்தால் ராணுவ உடுப்புக் கடைகளில் புதிது கிடைக்கும். பழைய ரிப்பனையும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் வையுங்கள்.

அப்பா கிழக்கே, வங்கதேசப் பக்கம் இருந்திருந்தால் பூர்வி ஸ்டார் இருக்கும். மேற்கே என்றால் பஷ்சிமி ஸ்டார். சங்கிராம் மெடல் எல்லையில் இருந்தவர்களிடம் மட்டுமில்லாமல் அந்தக் காலத்தில் பணியில் இருந்த பெரும்பாலோரிடமும் இருக்கும். எது எது என்று நெட்டில் தேடுவதை விட அவரையே கேளுங்கள், பரிசு அப்போதே ஆரம்பித்துவிடும்.

ஆனால் "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். பேரப்பிள்ளைகளையும் கேட்க விடாதீர்கள். "உங்க செக்‌ஷன்ல யார் யாருப்பா இருந்தாங்க?" என்று கேளுங்கள். பத்துப் பேர் இருந்திருப்பார்கள். ஒவ்வொருவராக வருவார்கள். லங்கரில் (படைச் சமையலறையில்) சப்பாத்தியைக் கருக வைத்தவன் கதை முதலில் வரும், போர் எல்லாம் அப்புறம்தான்.

திருவண்ணாமலை: சாப், அப்பா ஆர்ட்டிலரியில் 17 வருடம். இப்போது 70. டிவியை அலற விடுகிறார், போனை எடுப்பதே இல்லை, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். மறதி நோயோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி, பீரங்கிக்காரரின் பிள்ளை முதலில் காதைப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் கன் பொசிஷனில் காதுக்குப் பஞ்சு இருந்தாலே பெரிய விஷயம். வெடிச் சத்தத்தில் காது முழுதாக அடைந்து போவதில்லை, மேல் ஸ்தாயிதான் முதலில் போகும். அதனால் "அப்பா" என்று கூப்பிட்டால் கேட்கும். ஆனால் ச, த, க, ப எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். நீங்கள் "சாப்பாடு" என்றால் அவருக்கு ஏதோ ஒரு "ஆப்பாடு". அவராக ஊகித்து ஒரு பதில் சொல்கிறார், வீடே சிரிக்கிறது, இரண்டு தடவை அப்படி நடந்தால் பேச்சையே நிறுத்திவிடுகிறார். போனில் உதட்டைப் பார்க்க முடியாது, அதனால்தான் எடுப்பதில்லை. இராத்திரியில் காதுக்குள் ரீங்காரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ரைபிள்காரர்களுக்கு இன்னொன்று. வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்குப் பெரும்பாலும் இடது காதுதான் அதிகம் பழுதாகும். வலது காதைத் தலையே மறைத்துக்கொள்ளும், இடது காது துப்பாக்கி வாயைப் பார்த்து இருக்கும். எனக்கே இடது காது பாதிதான். என் வீட்டுக்காரம்மா வேண்டுமென்றே அந்தப் பக்கம் நின்று திட்டுவாள்.

பாலிகிளினிக் போய்க் காது மூக்கு தொண்டை டாக்டருக்கு ரெஃபரல் வாங்குங்கள். ஆடியோகிராம் எடுப்பார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஹியரிங் எய்டுக்கு இ.சி.எச்.எஸ்.ஸில் வழி இருக்கிறது, விலைக்கு ஒரு வரம்பு உண்டு. வாங்கிய முதல் வாரமே மேசை டிராயருக்குள் போட்டுவிடுவார், எல்லோரும் அப்படித்தான். தட்டு கழுவுகிற சத்தமே குண்டு மாதிரி கேட்கும். தினம் ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்துக் கூட்டுங்கள். சத்த அளவைத் திருத்தி வைக்க இரண்டு மூன்று முறை திரும்பப் போக வேண்டியிருக்கும்.

மறதிப் பரிசோதனையும் தேவைதான். காதைச் சரி செய்துவிட்டுப் போங்கள். டாக்டரின் கேள்வியே காதில் விழாதவருக்கு மார்க் குறையாமல் என்ன செய்யும்? அதோடு, கவனிக்காமல் விட்ட காதுக் குறைபாடு மறதி நோய்க்கான அபாயத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்று. இரண்டில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

ஓசூர்: ஓ.ஆர்.ஓ.பி. (ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்) அரியர்ஸ் எப்போது வரும்?

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தைக் கேளுங்கள்.

வாலாஜா: நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால்? பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி இ.சி.எச்.எஸ். லிஸ்டில் இல்லை.

உயிருக்கு ஆபத்து என்றால் லிஸ்ட் பார்க்காதீர்கள், போய்ச் சேருங்கள். 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிடுங்கள், சொன்னதற்கு ஒரு சாட்சியும் வையுங்கள். எமர்ஜென்சி என்று ஆஸ்பத்திரி எழுதித் தரும் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா பில்லும் ஒரிஜினலாக வேண்டும். செலவழித்தது முழுதும் திரும்ப வராது, அரசு வைத்திருக்கிற ரேட்டுக்குத்தான் வரும். அதனால் நிலைமை சரியானதும் லிஸ்டில் உள்ள இடத்துக்கு மாற்றுவது பற்றிக் கேளுங்கள்.

நாகர்கோவில்: அப்பா 1988, 89இல் இலங்கையில் இருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது தூக்கத்தில் கத்துகிறார், கையை வீசுகிறார். அம்மா மேல் ஒருநாள் அடி விழுந்துவிட்டது. காலையில் எதுவும் ஞாபகம் இல்லை என்கிறார்.

முதலில் அம்மா கொஞ்ச நாள் தனிப் படுக்கையில் படுக்கட்டும். பக்கத்தில் இரும்புச் சாமான், கண்ணாடி டம்ளர் வேண்டாம். எழுப்ப வேண்டியிருந்தால் தோளைப் பிடித்து உலுக்கக் கூடாது. கால்மாட்டில் நின்று, லைட்டைப் போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கலாம். ஒன்று போர் நினைவு. அது பெரும்பாலும் வியர்த்துக் கொட்டி ஆளை எழுப்பிவிடும். பகலிலும் திடுக்கிடுவார், வெடிச் சத்தம் கேட்டால் தீபாவளிக்குக் கூட உள் அறைக்குப் போய்விடுவார். இன்னொன்று, அறுபதைத் தாண்டிப் புதிதாக ஆரம்பிக்கும் கத்தலும் கைவீச்சும். கனவு காணும்போது உடம்பு அசையாமல் இருக்க வேண்டும், அந்தப் பூட்டு கழன்றுவிடுகிறது. சிலருக்கு இது பார்க்கின்சன்ஸ் நோயின் முன்னறிவிப்பு. அதனால் மனநல மருத்துவர், நரம்பியல் மருத்துவர் இருவருக்கும் ரெஃபரல் கேளுங்கள். முடிந்தால் ஒருநாள் இரவு போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், நூறு வார்த்தைக்கு அது மேல்.

அப்புறம், அந்த நாட்களைப் பற்றி. 1987 ஜூலையில் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பியது. அதில் நம் ஊர்ப் பையன்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் பாரம் இருந்தது. காயம்பட்ட எதிராளி அலறினால் மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். நம்மவனுக்கு அது "அம்மா". வந்து இறங்கியபோது மாநில முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. ஊரிலும் யாரும் பெருமையாகக் கேட்கவில்லை. பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். நீங்கள் கிளற வேண்டாம். அவர் ஒரு வரி சொன்னால் டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள், அது போதும்.

டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். அப்பா பேச மாட்டார் என்றால் நீங்கள் பேசுங்கள்.

தூக்கத்துக்கு இரண்டு பெக் என்பார். முதல் பாதி இரவு தூங்க வைக்கும், பின்பாதியை அதுவே கெடுக்கும்.

ஆம்பூர்: மிலிட்டரி கேன்டீன் கார்டில் அப்பாவின் மதுக் கோட்டாவை நான் வாங்கலாமா?

மேலே இப்போதுதான் என்ன எழுதினேன்?

குடியாத்தம்: தங்கை கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயரை "ஹவில்தார் (ஓய்வு)" என்று முதலில் போடுவதா, கடைசியில் போடுவதா?

ராணுவக் கடிதங்களில் ரேங்க் முதலில், பிறகு பெயர், கடைசியில்தான் "ஓய்வு". ஓய்வு பெற்றது ஆள், ரேங்க் இல்லை.

அரக்கோணம்: ரேங்க் எல்லாம் ஆபீசர்களுக்குத்தான் சார். ஹவில்தார் எல்லாம் போட்டுக்கொள்வது சரியில்லை.

கல்யாணப் பத்திரிகை அரசாணை இல்லை ஐயா. பெரியப்பா மகனுக்கு "பி.ஏ., பி.எல்." போடுகிறோம்.

வேலூர்: என் அப்பா ஆனரரி கேப்டன். "கேப்டன்" என்றே போடலாமா?

"ஆனரரி கேப்டன்" என்று போடுங்கள். அதுவே பெரிய மரியாதை.

அரக்கோணம்: ஆனரரி கேப்டன் எல்லாம் கேப்டனா? ரிட்டயர் ஆகிற நேரத்தில் தருகிற பட்டம்.

இதற்குப் பதில் சொல்லாமல் விட முடியவில்லை. சிப்பாயாகச் சேர்ந்து, நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று ஒவ்வொரு படியாக ஏறியவர்களில் வெகு சிலருக்கு, குடியரசு தினத்திலோ சுதந்திர தினத்திலோ கிடைப்பது அது. இருபத்தைந்து, முப்பது வருடம் பனியிலும் மணலிலும் கிடந்தவர். உங்களுக்கு அது பட்டமாகத் தெரிந்தால் பட்டமாகவே இருக்கட்டும்.

சோளிங்கர்: சாப் சொல்வது சரி. கம்மவான்பேட்டை பக்கம் வந்து பாருங்கள், வீட்டுக்கு வீடு மிலிட்டரி. அங்கே ரேங்க் சொல்லாமல் ஆளையே அடையாளம் சொல்ல முடியாது.

அரக்கோணம்: நான் தப்பாகச் சொல்லவில்லை. விதியைச் சொன்னேன்.

ராணிப்பேட்டை: பேனரில் போடும்போது யூனிபார்ம் படமும் போடலாமா?

நிறுத்துங்கள். ரேங்க் பற்றி மட்டும் பதினொரு பேர் எழுதியிருக்கிறீர்கள், மேலே வந்திருப்பது பாதிதான். அந்தப் பத்திரிகையில் அப்பா பெயருக்குக் கீழே அம்மா பெயர் இருக்கும். அது பி.பி.ஓ.வில் (பென்ஷன் உத்தரவில்) எப்படி எழுதியிருக்கிறது என்று ஒருவராவது பார்த்தீர்களா? கீழே ஒரு பெண் கேட்டிருக்கிறார், அதைப் படியுங்கள்.

செய்யாறு: அப்பா தவறி இரண்டு மாதம் ஆகிறது. ரெக்கார்டில் அம்மா பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருக்கிறது, ஆதாரில் முழுப் பெயர். குடும்ப பென்ஷன் நிற்கிறது.

வருத்தப்படாதே அம்மா, இது தினமும் நடக்கிறது. கல்யாணம் ஆன புதிதில் லீவு முடிந்து போன சிப்பாய், கிளார்க்கிடம் வாயால் சொன்ன பெயர் அது. கிளார்க் இந்திக்காரராக இருந்தால் எழுத்து இன்னும் கோணலாகியிருக்கும். இறப்புச் சான்று, இரண்டு பெயரும் ஒருவரே என்கிற அபிடவிட், ஆதார், பி.பி.ஓ. நகல், டிஸ்சார்ஜ் புக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அப்பாவின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுத உதவுவார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூர். ஸ்பர்ஷில் (பென்ஷனுக்கான ஆன்லைன் தளம்) மரணத்தைப் பதிவு செய்துவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

ஓடிபி கேட்டு யாராவது ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறேன் என்றால் போனை வைத்துவிடுங்கள்.

குடும்ப பென்ஷன் வரும் அம்மாவுக்கு இ.சி.எச்.எஸ். தொடரும், கார்டை அவர் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றியதும் அவரை ஒரு முழுப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இத்தனை வருடம் மாமியார் வீட்டில் தனியாக, மாதம் ஒரு கடிதத்தோடு இருந்தவர். பாலிகிளினிக்கில் நான் பார்த்த பாதி அம்மாக்களுக்குத் தங்கள் சர்க்கரை அளவே தெரியாது, அப்பாவின் மாத்திரை நேரம் மட்டும் தெரியும்.

உயிரோடு இருக்கும் அப்பாக்களின் பிள்ளைகள் இந்த வாரமே பெயரைச் சரிபாருங்கள். அவரால் ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை இது.

திருப்பத்தூர்: அப்பாவுக்குக் கண்ணிவெடியில் கால் போனது. பழைய செயற்கைக்கால் புண்ணாக்குகிறது.

புனேயில் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது, 1944இலிருந்து இதே வேலை. பாலிகிளினிக் மூலம் கேளுங்கள். புண் ஆறும்வரை காலை மாட்ட வேண்டாம், சர்க்கரை இருந்தால் கட்டாயம் வேண்டாம்.

போளூர்: டிஸ்சார்ஜ் புக் கிழிகிறது, லேமினேட் செய்துவிடட்டுமா?

கூடாது. சூட்டில் மை கெடலாம், பிறகு ஒரு எழுத்துகூட உள்ளே சேர்க்க முடியாது. பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

காவேரிப்பாக்கம்: சாப், டிஸ்சார்ஜ் புக் லேமினேட்…

மேலே பாருங்கள்.

ஆரணி: அப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்து எல்லோரையும் அதட்டுகிறார்.

காலையில் ரன்னிங் ஓடுகிற பையன்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், ஆர்மி செலக்‌ஷனுக்கு. அவர்களிடம் அனுப்புங்கள். அதட்டுவதற்கு ஆள் கிடைக்கும், அவருக்கும் நடை கிடைக்கும். முட்டி வலி இருந்தால் நாற்காலி போட்டு விசிலைக் கொடுங்கள்.

ஆற்காடு: சாப், முதல் கேள்வி கேட்டவன். மெடலைத் துடைத்துக்கொண்டே செக்‌ஷன் பற்றிக் கேட்டேன். பத்துப் பேர் பெயரும் சொன்னார். ஒருவர் குடியாத்தம் பக்கத்தில் இருக்கிறாராம். 1980க்குப் பிறகு பார்க்கவில்லையாம்.

பிரேம் கடை அப்புறம். முதலில் அந்த வீடு எங்கே என்று விசாரித்து ஒரு வண்டி எடுங்கள். அவருக்கும் எண்பதை நெருங்கியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் அசதியாகிவிடும். அப்பாவின் மாத்திரை டப்பா, தண்ணீர், கண்ணாடி. டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டுகிறேன் என்று எடுத்துப் போவார், ஜெராக்ஸை மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.