மேற்குச் சன்னலும் மாலை வெயிலும்: கேள்வி பதில்

கோலாலம்பூரில் கண்ணாடி, அலுமினியச் சட்டத் தொழிலில் இருபத்தைந்து ஆண்டுகளாக இருப்பவன் என்பதால், சன்னலை மாற்றி வீட்டு வெக்கையைக் குறைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என்னைப் பதில் எழுதச் சொன்னார்கள். கூரையும் குளிர்சாதனப் பழுதும் என் தொழில் அல்ல. அவற்றைப் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (செந்தூல்): எங்கள் இரட்டை மாடி வரிசை வீட்டில் மேல்மாடிப் படுக்கையறை மேற்கு நோக்கியிருக்கிறது. கண்ணாடிப் பலகைகளைச் சாய்த்துத் திறக்கும் பழைய நாக்கோ சன்னல்கள் இரண்டு. மாலையில் குளிர்சாதனம் ஓடினாலும் அறை குளிர்வதில்லை. எந்தக் கண்ணாடி போடலாம், ஐயா?

பதில்: அம்மா, நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று டிகிரி தள்ளித்தான் இருக்கிறது. நண்பகல் வெயில் கூரையின் தலையில் விழுமே தவிர சன்னலில் அதிகம் விழாது. காலையில் கிழக்குச் சன்னலும், மூன்று மணிக்குமேல் மேற்குச் சன்னலும்தான் தாழ்ந்து வரும் வெயிலை நேராக வாங்குகின்றன. ஆகையால் வீடு முழுவதும் மாற்ற வேண்டியதில்லை. அந்த இரண்டு சன்னல்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது எஸ்.எச்.ஜி.சி. என்ற எண். கண்ணாடியில் விழும் சூரிய வெப்பத்தில் எத்தனை பங்கு அறைக்குள் வந்து சேர்கிறது என்பதை அது சொல்கிறது. ஆறு மில்லிமீட்டர் வெற்றுக் கண்ணாடிக்கு அது சுமார் 0.82, சாயம் ஏற்றிய கண்ணாடிக்கு 0.6 அளவில் இருக்கும். வெயிலைத் தடுப்பதற்கென்றே செய்த லோ-ஈ பூச்சு, அதாவது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு, உள்ள இரட்டைக் கண்ணாடியில் (நடுவே இடைவெளி விட்டு அடைத்த இரண்டு தகடுகள்) 0.3க்கும் கீழே இறங்கும். அமெரிக்காவில் எனர்ஜி ஸ்டார் என்ற மின்சிக்கன முத்திரை பெற, வெப்பமான தென்பகுதிகளில் 0.23ஐத் தாண்டக் கூடாது என்று 2023இல் விதித்திருக்கிறார்கள். நம் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரை குளிர்சாதனத்துக்கும் விசிறிக்கும் உண்டு, சன்னலுக்கு இல்லை. ஆகவே எண்ணை நீங்களேதான் கேட்டு வாங்க வேண்டும். சில கடைகளில் எஸ்.சி. என்ற பழைய எண்ணைக் காட்டுவார்கள். அதை 0.87ஆல் பெருக்கிய பிறகே மற்றதோடு ஒப்பிட வேண்டும்.

லோ-ஈ பூச்சிலும் இரண்டு வகை உண்டு. கண்ணாடி உருகி வரும்போதே ஏறும் கடினப் பூச்சை ஒற்றைக் கண்ணாடியிலும் பயன்படுத்தலாம். வெயிலை நன்றாகத் தடுக்கும் மென்பூச்சு காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பதால், அது இரட்டைக் கண்ணாடியின் நடுவே அடைபட்டுத்தான் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் சன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டு ஒரு வாரம் பாருங்கள். உள்ளே போடும் திரைச்சீலை, ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட வெப்பத்தைத்தான் மறைக்கிறது. வெளியே தொங்கும் தட்டி அதைக் கண்ணாடிக்கே வரவிடுவதில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே நான் பல விற்பனைகளை இழந்திருக்கிறேன்.

கேள்வி (செராஸ்): கடையில் சிவப்பு விளக்கை எரியவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் கையை வைக்கச் சொன்னார்கள். சூடே தெரியவில்லை. 99 விழுக்காடு அகச்சிவப்பைத் தடுக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த விளக்கு வெயில் அல்ல. அதிலிருந்து வருவது பெரும்பாலும் அகச்சிவப்பு, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர். வெயிலிலோ ஏறக்குறையப் பாதி வெப்பம் நாம் கண்ணால் காணும் வெளிச்சமாகவே வருகிறது. விளக்கைத் தோற்கடிக்கும் கண்ணாடி அந்தப் பாதியைத் தாராளமாக உள்ளே விட்டுவிடக் கூடும். 99 என்ற கணக்கும் அகச்சிவப்பின் ஒரு சிறு பகுதியை மட்டும் அளந்து சொன்னதாக இருக்கலாம். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு எஸ்.எச்.ஜி.சி.யைக் கேளுங்கள்.

கேள்வி (கெப்போங்): கறுப்புக் கண்ணாடி போட்டால் போதாதா?

பதில்: போதாது. கறுப்புக் கண்ணாடி வெயிலை விழுங்கித் தானே சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பகுதியை அறைக்குள் வீசுகிறது. மாலை ஐந்து மணிக்கு அதன் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அறையும் இருட்டாகி, பகலிலேயே விளக்குப் போட நேரும்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): என் அண்ணன் லண்டனில் இருக்கிறார். இரட்டைக் கண்ணாடி இல்லாமல் வீடே கட்ட மாட்டார்களாம். வெற்று இரட்டைக் கண்ணாடியே போதும், பூச்சு வியாபாரத் தந்திரம் என்கிறார்.

பதில்: அண்ணன் சொல்வது லண்டனுக்குப் பொருந்தும். அங்கே குளிர்காலத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் இருபது டிகிரி வித்தியாசம் வரும். வெயில் எட்டிப் பார்த்தால் அது வரவேண்டிய விருந்தாளி. இங்கே வெளியே 33, உள்ளே 25 என்றால் வித்தியாசம் எட்டுதான்.

கேள்வி (அதே பிரிக்பீல்ட்ஸ் வாசகர்): எட்டு டிகிரியும் வெப்பம்தானே? அண்ணன் பொறியாளர்.

பதில்: அப்படியானால் அண்ணனுக்குக் கணக்காகவே எழுதுகிறேன். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கும் என்பதே யூ மதிப்பு. ஒற்றைக் கண்ணாடிக்கு அது சுமார் 5.8, அதை எட்டால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 46 வாட். வெற்று இரட்டைக் கண்ணாடிக்கு 2.8, அதாவது 22 வாட். மிச்சம் 24. இப்போது மேற்குச் சன்னலில் மாலை வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கண்ணாடி அதில் 410 வாட்டை உள்ளே விடும், வெற்று இரட்டைக் கண்ணாடி 350 வாட்டை விடும். 0.28 உள்ள பூச்சுக் கண்ணாடி விடுவது 140. எந்த ஓட்டையை முதலில் அடைப்பது என்று அண்ணனே சொல்லட்டும். அவர் அமெரிக்கப் பட்டியலைப் பார்த்து ஒற்றைக் கண்ணாடிக்கு யூ மதிப்பு 1.02 என்று எழுதி வந்தால் மயங்க வேண்டாம். அது வேறு அலகு, 5.678ஆல் பெருக்கினால் அதே 5.8தான்.

கேள்வி (பங்சார்): குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பெருஞ்சாலையோரம் குடியிருக்கும் எங்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட்ட பிறகுதான் தூக்கமே வந்தது. அதைத் தேவையில்லாத செலவு என்பது சரியா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. சத்தத்துக்கு அது உதவும். நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட் கண்ணாடி சேர்ந்தால் இன்னும் நல்லது. நாக்கோவின் இடுக்குகளில் புகும் ஈரக்காற்றை அடைத்ததாலும் உங்கள் குளிர்சாதனத்துக்கு வேலை குறைந்திருக்கும். ஆனால் விசிறியோடு வாழும் வீட்டில் நாக்கோவைக் கழற்றி, பாதி மட்டும் திறக்கும் நகர்சன்னல் போடுவது வெக்கையை விலை கொடுத்து வாங்குவதாகும்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்): அண்ணன் இரவுக் கணக்கையும் கேட்கிறார்.

பதில்: இரவில் வெளியே 24, உள்ளே 24. பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம்தான். இதோடு லண்டனை விட்டுவிடுவோம்.

கேள்வி (பினாங்கு, லெபோ குவீன் பக்கம்): எங்கள் பழைய கடைவீட்டின் மரச் சன்னல்களைக் கழற்றிவிட்டுப் பூச்சுக் கண்ணாடி போடலாமா?

பதில்: தயவுசெய்து கழற்றாதீர்கள். ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த எல்லைக்குள் முகப்பில் கைவைக்கும் முன் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி ஒருபுறம் இருக்க, அந்த மரச் சாய்பலகைகள் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. நான் செந்தூல் அம்மாவைத் தொங்கவிடச் சொன்ன தட்டி செய்யும் வேலையை உங்கள் வீட்டில் தச்சரே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உடைந்த பலகைகளை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி (மோன்ட் கியாரா): கொண்டோ அடுக்குமாடி வீட்டில் சன்னலை மாற்றலாமா?

பதில்: வெளித்தோற்றம் மாறும் என்றால் முதலில் நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். கண்ணாடிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அனுமதிக்கு அலைபவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

கேள்வி (வங்சா மாஜு): விடியற்காலையில் சன்னலின் வெளிப்புறம் பனி படிந்தாற்போல் இருக்கிறது. கண்ணாடி கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. குளிர்சாதனத்தை மிகக் குறைத்து வைக்கிறீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளியிலுள்ள ஈரக்காற்று துளிர்க்கிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் தெரிந்தால் மட்டும் அடைப்பு விட்டுப்போயிற்று என்று பொருள்.

கேள்வி (பூச்சோங்): எந்த பிராண்ட் நல்லது?

பதில்: எஸ்.எச்.ஜி.சி. எண்ணைக் கேளுங்கள், பெயரைக் கேட்காதீர்கள்.

கேள்வி (ரவாங்): கறுப்பு ஃபிலிம் ஒட்டினால்?

பதில்: கெப்போங் வாசகருக்கு எழுதியதைப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடியிலோ சாயக் கண்ணாடியிலோ கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் சூடேறி விரிசல் விடவும் கூடும்.

கேள்வி (கோம்பாக்): கடையில் விளக்கை வைத்துக் காட்டினார்கள், ஐயா...

பதில்: அணைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (செந்தூல், முதலில் கேட்டவர்): தட்டி தொங்கவிட இடமில்லை, பூச்சுக் கண்ணாடியே போடப் போகிறோம். சரியாகப் பொருத்தினார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: விலைப்பட்டியலில் எஸ்.எச்.ஜி.சி.யையும், எத்தனை விழுக்காடு வெளிச்சம் வரும் என்பதையும், பூச்சு எந்தப் பக்கத்தில் இருக்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். இரட்டைக் கண்ணாடியின் இரண்டு தகடுகளுக்கும் சேர்த்து நான்கு முகங்கள். வெளியிலிருந்து எண்ணினால் பூச்சு இரண்டாவது முகத்தில் இருக்க வேண்டும். பொருத்திய அன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு, அறைக்குள் நின்று லைட்டர் சுடரைக் கண்ணாடியருகே காட்டுங்கள். நான்கு சுடர்கள் தெரியும். அவற்றில் ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரியும். உங்கள் பக்கத்திலிருந்து எண்ணும்போது அது மூன்றாவதாக இருந்தால் சரி. இரண்டாவதாக இருந்தால் கண்ணாடியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், வெப்பம் கூடுதலாக உள்ளே வரும். என் சொந்த வீட்டிலேயே ஓர் ஒப்பந்தக்காரர் அப்படித்தான் போட்டுவிட்டுப் போனார். அவரை வரவழைத்துத் திருப்பிப் போடவைக்க எனக்கே மூன்று மாதம் பிடித்தது.