யார் அந்தக் கவுடி?

கேள்வி: வேர்டில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் ‘கவுடி ஓல்ட் ஸ்டைல்’ என்று ஒன்று வருகிறதே, கவுடி என்பது ஊரா, ஆளா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஆள்தான். ஃபிரெடெரிக் கவுடி, 1865-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். எழுத்து வரைவதை யாரிடமும் முறையாகப் படித்தவர் இல்லை, இளவயதில் பிழைப்பு கணக்கெழுதுவது. சிகாகோவில் ஒரு சின்ன அச்சகம் நடத்தினார். 1896-இல் தான் வரைந்த எழுத்துகளை பாஸ்டனில் இருந்த டிக்கின்சன் எழுத்து வார்ப்படசாலைக்கு அனுப்பி ஐந்து டாலர் கிடைக்குமா என்று கேட்டார், அவர்கள் பத்து டாலர் அனுப்பிவிட்டார்கள்! அதுதான் ‘கேமலாட்’, அவருடைய முதல் எழுத்துரு. விசிட்டிங் கார்டுகளில் வெறும் கேப்பிடல் எழுத்துகளாக, முனைகளில் முள் போன்ற நுனியோடு வருமே ‘காப்பர்பிளேட் கோதிக்’, அதுவும் இவர் வரைந்ததுதான்.

கேள்வி: நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துருக்களைச் செய்தாராமே, ஒரே ஆளால் முடிகிற காரியமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வரைந்தது அவர். ஆனால் மனைவி பெர்த்தாவைச் சொல்லாமல் கவுடியைப் பற்றிப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. 1903-இல் பார்க் ரிட்ஜ் என்ற ஊரில் தொடங்கிய ‘வில்லேஜ் பிரஸ்’ அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தவர் பெர்த்தாதான், நல்ல கைத்தேர்ச்சி உள்ளவர். பிறகு நியூயார்க்குக்கு மாறிய அந்த அச்சகம் 1908-இல் முழுக்க எரிந்துபோனது. மூன்றே வருடத்தில், 1911-இல், ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸின் கதைத் தொகுப்பு ஒன்றை வடிவமைக்கும் வேலை வந்தபோது, இருக்கிற எழுத்து அந்தப் பக்கத்தில் இடைவெளி விட்டுத் தளர்வாகத் தெரிகிறதென்று கவுடி புதிதாகவே ‘கென்னர்லி’யை வரைந்தார், சிகாகோவில் ராபர்ட் வீப்கிங் அதை உலோகத்தில் செதுக்கிக் கொடுத்தார், புத்தகத்தைக் கோத்தது பெர்த்தா. இந்த மூன்று பேரில் ஒருவர் இல்லையென்றாலும் அந்தப் பக்கம் இல்லை. வீப்கிங் 1927-இல் இறந்துவிட, அறுபதைத் தாண்டிய கவுடி அந்தச் செதுக்கு வேலையையும் தானே கற்றுக்கொண்டு, ஹட்சன் ஆற்றங்கரை மார்ல்பரோவில் தன் பட்டறையிலேயே எழுத்துகளை வார்த்தார். நான் அவரை மதிப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

கேள்வி: அப்படியானால் கோடீஸ்வரர் ஆகியிருப்பாரே?
– வாசகர், விருதுநகர்

பதில்: ஆகவில்லை. 1915-இல் வந்த ‘கவுடி ஓல்ட் ஸ்டைல்’ அமெரிக்க விளம்பரங்களில் எங்கு பார்த்தாலும் இருந்தது, ஆனால் அதை அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் கம்பெனி ஒரே தொகை கொடுத்து வாங்கிக்கொண்டது, விற்பனையில் பங்கு இல்லை. ‘கவுடி போல்ட்’ என்று 1916-இல் வந்ததை வரைந்ததும் அந்தக் கம்பெனியின் மோரிஸ் பென்டன்தான். இன்னொரு வருத்தமும் கவுடிக்கு இருந்தது. எல்லா எழுத்துருக்களும் ஒரே அடிக்கோட்டில் சேர்ந்து நிற்க வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு, அதனால் கவுடி ஓல்ட் ஸ்டைலில் g, p, y போன்ற சின்ன எழுத்துகளின் வால்களைக் குறுக்கச் சொன்னார்கள், அவரும் ஒத்துக்கொண்டுவிட்டுப் பிற்பாடு வருந்தினார். பெரிதாக்கிப் பாருங்கள், வால் குட்டையாக இருப்பது தெரியும்.

1935-இல் பெர்த்தா இறந்தார், 1939 ஜனவரியில் மார்ல்பரோ பட்டறையும் தீக்கு இரையானது. அதற்கு முந்தின வருடம்தான் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கென்றே ஒரு எழுத்துரு செய்து முடித்திருந்தார். உங்கள் வேர்ட் பட்டியலில் ‘கலிஃபோர்னியன் எஃப்பி’ இருந்தால் அது இதன் வழியில் வந்ததுதான், ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். கவுடி ஓல்ட் ஸ்டைலைவிட இதுதான் எனக்குப் பிடித்தது.