நூறு வரை சொல்கிறான், ஏழும் ஐந்தும் எவ்வளவு என்றால் விழிக்கிறான்

கேள்வி: என் மகனுக்கு ஆறரை வயது. முதல் வகுப்பு. நூறு வரை மளமளவென்று சொல்வான், எழுதவும் எழுதுவான். ஆனால் 7 + 5 கேட்டால் இரண்டு கையையும் விரித்து ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறான், பாதியில் குழம்புகிறான். 12-ஐ 21 என்றும் எழுதிவிடுகிறான். பள்ளியில் கொடுத்த கற்றல் இலக்குப் பட்டியலில் ‘20-க்குள் கூட்டல், கழித்தல்’, ‘இடமதிப்பை அறிதல்’ என்றெல்லாம் இருக்கிறது. விரல் விட்டு எண்ணுவதை நிறுத்தச் சொல்லலாமா? இப்போதே வாய்ப்பாடு ஆரம்பித்தால் சரியாகிவிடுமா?

பதில்: விரலை நிறுத்தச் சொல்லாதீர்கள். சொன்னால் விரல் மேசைக்கு அடியில் போய்விடும், அவ்வளவுதான். எண்ணுவது நிற்காது. வாய்ப்பாடு இப்போது வேண்டாம், அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நூறு வரை சொல்வது ஒரு பாட்டைச் சொல்வது மாதிரி. வரிசை மனப்பாடம் ஆகியிருக்கிறது. தேவையானதுதான், ஆனால் அது மட்டும் எண்ணுதல் ஆகாது. ஒரு குழந்தை எண்ணத் தெரிந்துகொள்வதில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை ரோஷெல் கெல்மன், ராண்டி காலிஸ்டெல் என்ற இரு உளவியலாளர்கள் 1978-ல் ஐந்து விதிகளாகப் பிரித்துச் சொன்னார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண். எண் வரிசை மாறக்கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மொத்தம் ஒன்றே. நமக்குச் சொல்லத் தேவையே இல்லாதவை போலத் தெரியும். ஆனால் மூன்றாவதில் பல குழந்தைகள் நீண்ட நாள் நிற்பார்கள்.

நீங்களே பார்த்துவிடலாம். எட்டுப் பொத்தான்களை வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் “சரி, மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். உடனே “எட்டு” என்றால் நல்லது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், கடைசி எண்தான் பதில் என்பது இன்னும் பிடிபடவில்லை. அடுத்து, ஒரு குவியலை வைத்து “எனக்கு ஆறு கொடு” என்று கேளுங்கள். இது எண்ணிச் சொல்வதைவிடக் கடினம், ஏனென்றால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மனதில் வைத்திருக்க வேண்டும். பிறகு இரண்டு வரிசையில் ஆறு ஆறு பொத்தான்களை எதிரெதிரே வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பி, எதில் அதிகம் என்று கேளுங்கள். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே பிரபலப்படுத்திய சோதனை இது. நீண்டதில்தான் அதிகம் என்று சொல்லும் வயது ஒன்று உண்டு. ஆறரை வயதில் பெரும்பாலும் அதைத் தாண்டியிருப்பார்கள். தாண்டவில்லை என்றால் கூட்டலை ஒதுக்கி வைத்துவிட்டு இங்கேதான் சில வாரம் செலவிட வேண்டும்.

உங்கள் மகன் இதையெல்லாம் செய்துவிடுவான் என்றே நினைக்கிறேன். அவன் சிக்கியிருப்பது அடுத்த படியில்.

7 + 5 போடும்போது குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சில வழிகளைக் கடக்கிறார்கள். முதலில் ஏழை எண்ணி, ஐந்தை எண்ணி, பிறகு எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். அப்புறம் ஏழை அப்படியே வைத்துக்கொண்டு எட்டு, ஒன்பது, பத்து என்று தொடர்வார்கள். ‘ஏழு மனசுல, அஞ்சு விரல்ல’ என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான். அந்த ஒரு வரியில் பெரிய விஷயம் இருக்கிறது: ஏழை இனிமேல் எண்ணத் தேவையில்லை, அது முழுசாக ஒரு பொருள். அதற்கு அடுத்து 5 + 7 என்று கேட்டாலும் பெரிய எண்ணை மனசில் வைக்கக் கற்பார்கள். கடைசியில் எண்ணுவதையே விட்டு, தெரிந்ததிலிருந்து தெரியாததைப் பிடிப்பார்கள்: ஏழுக்கு மூன்று போட்டால் பத்து, மிச்சம் இரண்டு, பன்னிரண்டு. ஆக விரல் விடுகிறானே என்று கவலைப்படுவதைவிட, எந்தப் படியில் விரல் விடுகிறான் என்று பாருங்கள். ஒன்றிலிருந்து எண்ணும் விரல் வேறு, ஏழுக்குப் பிறகு நீளும் விரல் வேறு.

அவன் பாதியில் குழம்புவதற்கு ஒரு எளிய காரணம்கூட உண்டு. விரல் பத்துதான்! ஏழை நீட்டிவிட்டால் மூன்றுதான் பாக்கி. ஐந்துக்கு எங்கே போவான்? இதைக் குறையாகப் பார்க்காதீர்கள், பாடம் இங்கேதான் இருக்கிறது. “ஏழு விரல் நீட்டியாச்சு. இன்னும் எத்தனை மடங்கி இருக்கு? மூன்றா? அதையும் நீட்டு. பத்து ஆச்சு. ஐந்தில் மூன்று போச்சு, இன்னும் எத்தனை வேணும்?” என்று பேசிக்கொண்டே செய்தால், கடைசிப் படியின் வழியை அவன் கையே காட்டிவிடும்.

இந்த வழி வேலை செய்ய ஒன்று அவசியம். பத்துக்குள் இருக்கும் எந்த எண்ணையும் உடைக்கவும் சேர்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து என்றால் நான்கும் ஒன்றும், மூன்றும் இரண்டும். பத்து என்றால் எட்டும் இரண்டும், ஆறும் நான்கும். முதல் வகுப்பு இலக்குப் பட்டியலில் எத்தனை வரி இருந்தாலும், என்னைக் கேட்டால் அதில் முதுகெலும்பு இது ஒன்றுதான். மற்ற வரிகளில் பாதி இதிலிருந்து தானாக வரும்.

பழக்க ஒரு விளையாட்டு போதும். ஏழு பொத்தான்களை அவனே எண்ணட்டும். கண்ணை மூடச் சொல்லிவிட்டு மூன்றை ஒரு கிண்ணத்தால் மூடுங்கள். வெளியே நான்கு. “உள்ளே எத்தனை?” முதலில் கிண்ணத்தைத் தூக்கிப் பார்க்க ஆசைப்படுவான், விரல் விடுவான், ஊகிப்பான். ஊகிக்கட்டும், பிறகு தூக்கிப் பார்த்துச் சரிபார்க்கட்டும். அடுத்த முறை அவன் மறைக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். அவ்வப்போது தப்பாகவும் சொல்லுங்கள். உங்கள் தப்பைப் பிடிக்கிற சந்தோஷத்தில் அவன் போடும் கணக்கு, பயிற்சி நோட்டில் போடுவதைவிட அதிகமாக இருக்கும். ஐந்தில் ஆரம்பித்து, அது சுலபமானதும் ஆறு, ஏழு என்று ஏறுங்கள். இரண்டு வரிசையில் ஐந்து ஐந்தாகப் பத்துக் கட்டம் வரைந்து அதில் பொத்தான் வைப்பதும் உதவும். ஏழு என்றால் மேல் வரிசை முழுசு, கீழே இரண்டு, காலி மூன்று என்று கண்ணுக்கே தெரியும்.

இனி 12, 21. ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 3, 5, 7 போன்ற இலக்கத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவது கையெழுத்து சார்ந்தது, ஏழு வயதுவாக்கில் பெரும்பாலானோருக்குத் தானாகச் சரியாகும். இலக்கங்களின் வரிசையை மாற்றுவது வேறு. அவன் எந்த மொழியில் எண்ணுகிறான் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஃபோர்ட்டீன் என்னும்போது நான்குதான் முதலில் காதில் விழுகிறது, கையும் 4-ஐ முதலில் எழுதுகிறது, 41 ஆகிவிடுகிறது. லெவன், ட்வெல்வ் இரண்டிலும் பத்து எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தமிழில் பதினொன்று, பதின்மூன்று, இருபத்தொன்று எல்லாவற்றிலும் பத்து முதலில் வருகிறது, எழுதுவதும் அதே வரிசை. ஆங்கிலவழியில் படிக்கும் குழந்தைக்கும் “பதினான்கு, அதாவது பத்தும் நாலும்” என்று ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். (தமிழும் முழு யோக்கியம் இல்லை. எண்பதுக்கு அடுத்து தொண்ணூறு என்று திடீரென ஒரு நூறு ஒலிக்கிறது. எண்ணூறுக்கு அடுத்து தொள்ளாயிரம். குழந்தைகள் அங்கே தடுமாறினால் தப்பு அவர்கள் மேல் இல்லை.)

ஒலிக் குழப்பம் தீர்ந்தாலும் இடமதிப்பு, அதாவது இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும் என்பது, வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பதினாறு குச்சிகளை வைத்து 16 என்று எழுதச் சொல்லுங்கள். 6-ஐச் சுட்டி, “இந்த ஆறுக்கு எத்தனை குச்சி?” என்று கேளுங்கள். சரியாக எடுப்பான். பிறகு 1-ஐச் சுட்டி அதே கேள்வி. இந்த வயதுக் குழந்தைகள் பலர் ஒரே ஒரு குச்சியை எடுத்துக் காட்டுவார்கள். மீதி ஒன்பது அப்படியே கிடக்கும், அது அவர்களை உறுத்தவே உறுத்தாது. ‘பத்துகள் இடம் 1, ஒன்றுகள் இடம் 6’ என்று நோட்டில் சரியாக நிரப்பும் குழந்தையும் இப்படிச் செய்வதுண்டு.

இதற்கு மருந்து கட்டுதல். ஒரு பெட்டி நிறையக் குச்சிகளைக் கொட்டி எண்ணச் சொல்லுங்கள். நாற்பதைத் தாண்டும்போது தடம் தவறும். “பத்து ஆனதும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிடலாமா?” என்று அப்போது கேளுங்கள். தேவை வந்த பிறகு கட்டினால்தான் பத்து ஏன் என்பது புரியும். மூன்று கட்டும் ஏழு உதிரியும் 37. இன்னும் மூன்று உதிரி போட்டால் ஒரு புதுக் கட்டு பிறக்கிறது. 12-ஐயும் 21-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒரு கட்டு, இரண்டு கட்டு என்று பார்த்துவிட்டால் மாற்றி எழுதுவது குறையும். பின்னால் வரும் கடன் வாங்கிக் கழித்தல் இதே கட்டை அவிழ்ப்பதுதான். அடுத்த வருடம் நூற்றைந்தை 1005 என்று எழுதினால் அதிர்ச்சியடைய வேண்டாம். காதில் விழுந்தபடி நூறை எழுதி ஐந்தை ஒட்டியிருக்கிறான்.

பாம்பும் ஏணியும் போன்ற பலகை விளையாட்டுகளும் நல்லவை, ஒரு நிபந்தனையோடு. 1 முதல் 10 வரை நேர்வரிசையில் எழுதிய எளிய பலகையில் விளையாடவிட்டபோது சிறு குழந்தைகளின் எண் அறிவு மேம்பட்டதை ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற உளவியலாளர்கள் 2008-ல் காட்டினார்கள். அதில் காயை நகர்த்தும்போது கட்டத்தில் இருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். நாலில் நின்று இரண்டு விழுந்தால் “ஒன்று, இரண்டு” என்று சொல்லாமல் “ஐந்து, ஆறு” என்று சொல்லவேண்டும். பழக்கிப் பாருங்கள், இதுவே ‘மனசுல நாலு’தான். கடைப் பலகைகளில் எண்கள் ஒரு வரிசை வலமும் அடுத்த வரிசை இடமுமாக வளைந்து போகும். அதைவிட நீங்களே ஒரு நீளத் தாளில் கோடு போட்டு 20 வரை எழுதிக்கொள்வது மேல்.

சமக்குறி பற்றியும் ஒரு வார்த்தை. 8 + 4 = ☐ + 5 என்று கேட்டால் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் கட்டத்தில் 12 எழுதுவார்கள். சமக்குறி என்றால் ‘விடையை இங்கே எழுது’ என்று பதிந்துவிட்டதால் வருவது. அவனுக்கு எழுதிக்கொடுக்கும்போது அவ்வப்போது 7 = 5 + 2 என்றும், 4 + 3 = 5 + 2 என்றும் எழுதுங்கள்.

கழித்தலில், இருப்பதிலிருந்து எடுப்பது மட்டும் கழித்தல் என்று நின்றுவிட வேண்டாம். “உன்னிடம் 9 பென்சில், என்னிடம் 6. உன்னிடம் எத்தனை அதிகம்?” என்பதும் கழித்தல்தான், இங்கே யாரும் எதையும் எடுக்கவில்லை. ஒன்பது என்றோ பதினைந்து என்றோ பதில் வந்தால், பென்சில்களை ஜோடி சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஜோடி இல்லாமல் நிற்பவைதான் விடை. ‘அதிகம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி என்ற குறுக்குவழியை மட்டும் கற்றுக்கொடுக்காதீர்கள். இதே கணக்கிலேயே அது தோற்றுவிடுகிறது.

உருவங்கள், அளவு, மணி பார்ப்பது எல்லாம் பட்டியலில் இருக்கும். வீட்டில் தனியாக உட்கார வைக்கத் தேவையில்லை. சதுரத்தைச் சாய்த்து வைத்தாலும் சதுரம்தான் என்று பேசினால் போதும்.

எப்போது என்ன வர வேண்டும் என்பது பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் கொஞ்சம் மாறும். தோராயமாக, முதல் வகுப்பு முடிவில் பத்துக்குள் கூட்டல் கழித்தல் தடங்கலின்றியும், இருபதுக்குள் விரலோ பொருளோ வைத்தும் வந்தால் சரியான பாதை. இரண்டாம் வகுப்பு முடிவில் இருபதுக்குள் மனக்கணக்காகவும், நூறுக்குள் எழுதியும் வரவேண்டும். உங்கள் மகன் பின்தங்கிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். எட்டு வயதிலும் 6 + 2-க்கு ஒன்றிலிருந்தே எண்ணினால், மூன்று நான்கு புள்ளிகளைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாவிட்டால், 8 பெரிதா 5 பெரிதா என்பதற்கே யோசித்தால், ஆசிரியரிடம் பேசுங்கள். கண், காது பரிசோதனையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். டிஸ்கால்குலியா எனப்படும் கணிதக் கற்றல் குறைபாடு இருந்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் உதவுவார்கள்.

வாய்ப்பாட்டுக்கு வருகிறேன். இப்போது ஆரம்பித்தால் அவன் கற்றுக்கொள்வான், அதுதான் சிக்கல். நூறு வரை சொன்னது மாதிரி இன்னொரு பாட்டு சேரும், ஏழும் ஐந்தும் அங்கேயே இருக்கும். ஆசையாக இருந்தால் இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக, பத்துப் பத்தாகத் தாவி எண்ணச் சொல்லுங்கள், அதுவும் ஜோடிச் செருப்பையோ கை விரல்களையோ தொட்டுக்கொண்டு. கடிகாரம் வைத்து வேகம் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் கிண்ண விளையாட்டு, வாரத்தில் இரண்டு நாள் குச்சிக் கட்டு. ஒரு மாதம் கழித்து மறுபடி 7 + 5 கேளுங்கள். விடை எவ்வளவு என்பதைவிட, “எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேட்டு அவன் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.