பொம்மைக்கு எழுதிய கதை கதையாகுமா?

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. உறவினர் ஒருவர் அவனுக்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சித்திரக்கதைத் தொகுதிகள் வாங்கித் தந்தார். பொம்மைக் கம்பெனி தன் சரக்கை விற்க எழுதவைத்த விளம்பரத்தைப் புத்தகம் என்று எப்படிச் சொல்வது? எடுத்துப் பூட்டி வைத்துவிட்டேன். செய்தது சரிதானே, ஆசிரியரே?

பதில்: சரியில்லை. அதே சமயம், நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதை பொம்மை விற்பதற்காகவே பிறந்தது. ஜப்பானின் டக்காரா நிறுவனம் விற்றுவந்த உருமாறும் ரோபோ பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 1984-ல் அங்கே இறக்கியது. அவற்றுக்கு ஒரு கதை வேண்டும் என்று மார்வெல் காமிக்ஸிடம் போனது. ஜிம் ஷூட்டர் பின்னணிக் கதையை எழுதினார். பெரும்பாலான ரோபோக்களுக்குப் பெயரும் குணமும் கொடுத்தவர் பாப் புடியான்ஸ்கி. நான்கு இதழோடு முடியவிருந்த தொடர் 80 இதழ் ஓடியது. கடைக்குப் புதுப் பொம்மைகள் வரவர, அவற்றையும் கதைக்குள் நுழைக்க வேண்டியிருந்தது. படிக்கும்போதே இது தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் கதை சட்டென்று நிற்கும். புதிய ரோபோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பெயரையும் திறமையையும் சொல்லும். அந்தப் பக்கங்கள் விளம்பரம்தான், மறுக்கவில்லை.

ஆனால் பொம்மையிலிருந்து வந்த ஒரே காரணத்தால் ஒரு கதை கெட்டுவிடும் என்றால், 'ரோம்' கெட்டுப்போயிருக்க வேண்டும். மோனோபொலி புகழ் பார்க்கர் பிரதர்ஸ் 1979-ல் ரோம் என்ற விண்வெளி வீரன் பொம்மையை வெளியிட்டது. விளக்கு எரியும், சத்தம் வரும். கைகால்தான் சரியாக மடங்காது. அதைப் பிரபலப்படுத்த மார்வெலில் ஒரு காமிக்ஸும் தொடங்கினார்கள். பொம்மை எதிர்பார்த்தபடி விற்கவில்லை, சீக்கிரமே கடைகளைவிட்டுப் போய்விட்டது. காமிக்ஸோ 1986 வரை, 75 இதழ் வந்தது. விற்கப் பொம்மையே இல்லாத காலத்தில் எந்த விளம்பரத்துக்காகப் பிள்ளைகள் அதை வாங்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பில் மாண்ட்லோ எழுதி, சால் புசேமா வரைந்த கதை அது. தன் கலடோர் கிரகத்தைக் காப்பாற்ற ரோம் மனித உடலைத் துறந்து, பாதி இயந்திரமான வீரனாகிறான். எதிரிகள் எந்த உருவமும் எடுக்கக்கூடியவர்கள். பூமியில் மனிதர்களாக வேடமிட்டு ஒளிந்திருக்கிறார்கள். அவர்களைத் தேடி மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சின்ன ஊரில் வந்து இறங்குகிறான். யார் மனிதர், யார் எதிரி என்று அவன் கையிலுள்ள கருவிதான் காட்டும். அதை வைத்து அடையாளம் கண்டு, எதிரியை வேறொரு வெளிக்குத் துரத்துகிறான். பார்க்கிற ஜனங்களுக்கு என்ன தெரியும்? எங்கிருந்தோ வந்த ஓர் இயந்திரம் பக்கத்து வீட்டுக்காரரைக் கொன்றுவிட்டது, அவ்வளவுதான். காப்பாற்ற வந்தவனை ஊரே கொலைகாரன் என்கிறது. பிராண்டி கிளார்க் என்ற பெண் அவனை நம்புகிறாள். அவனுக்கும் அவள்மேல் பிரியம் வருகிறது. ஆனால் அவள் கையைப் பிடித்தால் அதை உணர்வதற்கு அவனிடம் உடல் இல்லை. கடமைக்காக எதுவரை விட்டுக்கொடுக்கலாம், விட்டது திரும்பக் கிடைக்குமா என்று பத்து வயதுப் பிள்ளையை யோசிக்க வைக்கிற கதை இது. இதைப் பூட்டி வைக்க எனக்கு மனம் வராது.

இரண்டையும் வெளியிட்டது அதே மார்வெல்தான். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் எழுதியவருக்குப் பொம்மைகள் வந்துகொண்டே இருந்தன. மாண்ட்லோவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பொம்மை. மீதியெல்லாம் அவர் கற்பனைக்கு விடப்பட்டது. இதற்குச் சற்று முன்புதான், தன் மகனுக்குக் கிறிஸ்துமஸுக்கு வந்த மைக்ரோநாட்ஸ் பொம்மைகளைப் பார்த்து, இவற்றைக் கதையாக்கலாம் என்று தானாகவே போய்க் கேட்டு எழுதியவர் அவர். விருப்பத்தோடு எழுதுகிறவர் கையில் போனால் பொம்மைக்கும் உயிர் வரும்.

கோபப்பட்டே ஆக வேண்டுமென்றால் அதற்கு வேறு நியாயமான காரணம் இருக்கிறது. ரோம் என்ற பெயர் பொம்மைக் கம்பெனியின் சொத்து. மார்வெலின் உரிமம் முடிந்ததும் அந்த 75 இதழ்களையும் மறுபடி அச்சிட வழியில்லாமல் போனது. தொகுப்பு வெளிவந்தது 2024-ல். மாண்ட்லோ 1992-ல் வாகனம் மோதி மூளையில் பலத்த காயம் பட்டவர். பிறகு எழுதவே முடியவில்லை. ஒரு எழுத்தாளரின் ஏழு வருட உழைப்பு, அவருக்குச் சொந்தமில்லாத ஒரு பெயருக்காக இத்தனை காலம் முடங்கிக் கிடந்தது. பொம்மைக் கதைகளில் எனக்கு வலிக்கிற இடம் இதுதான்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். படித்துவிட்டுப் பொம்மை வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால், முடியாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்காகப் புத்தகத்தைப் பிடுங்குவானேன்? முதலில் ஒரு தொகுதியை நீங்கள் முழுசாகப் படியுங்கள். உங்கள் கடிதத்தில் படித்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. அப்புறம் அவனோடு உட்கார்ந்து, எந்தப் பக்கம் கதை சொல்கிறது, எந்தப் பக்கம் பொம்மை விற்கிறது என்று அவனையே காட்டச் சொல்லுங்கள். அவன் காட்டுவான். உங்களுக்கும் அவனுக்கும் ஒரு பக்கத்தைப் பற்றிக் கருத்து வேறுபட்டால், அதையும் எனக்கு எழுதுங்கள்.