பிரான்ஸில் ஒரு ஷத்தோவின் (பழைய மாளிகை) லாயம் ஆபீஸானது, மேரியில் (நகராட்சி அலுவலகம்) அதற்கான காகிதம் இல்லை: வாங்கலாமா?

வீடும் ஆபீஸுமாக வாங்க நினைக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் முன் ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். விளம்பரத்தில் ‘ஆபீஸ்’ என்று இருப்பது அனுமதி ஆகாது. விற்பவர் காட்டும் கதஸ்தர் (நிலப் பதிவேடு) வரைபடமும் அப்படித்தான். அது வரிக்கான பதிவு.

பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: பழைய குதிரை லாயத்துக்குள் சுவர் பூசி, மின்சாரம் இழுத்து, மேசை போட்டுவிட்டார்கள், பயன்பாட்டை மாற்றுவதாக மேரிக்கு முன்கூட்டியே அறிவிக்கவில்லை. அதோடு முகப்பிலும் கை வைத்திருந்தால் கட்டட அனுமதியே வாங்கியிருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது ஜன்னல் ஓரங்களைப் பாருங்கள். சுற்றியுள்ள கல் கறுத்திருக்க, ஓரம் மட்டும் வெளுப்பாக இருந்தால் பிற்பாடு உடைத்துத் திறந்தது என்று சந்தேகப்படலாம்.

அப்புறம் மேரியில் நில எண்ணைச் சொல்லி இரண்டு கேள்வி கேளுங்கள். பழைய கோப்பு ஏதாவது உண்டா? இடம் எந்த மண்டலத்தில் வருகிறது? ‘ஆ’ (விவசாயம்) அல்லது ‘என்’ (இயற்கை) என்றால் சிக்கல்தான். ஆபீஸ் வைக்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு ‘செர்த்திஃபிகா துர்பனிஸ்ம்’ (நகரமைப்புச் சான்றிதழ்) வாங்கலாம், இரண்டு மாதம் ஆகும். அது சாதகமாக வந்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனையை நோத்தேரிடம் (சொத்துப் பத்திரங்களை எழுதும் சட்ட அதிகாரி) சொல்லி ஒப்பந்தத்தில் சேருங்கள்.

இன்னொன்று: முன் ஒப்பந்தத்திலிருந்து 10 நாளுக்குள் விலகும் உரிமை குடியிருப்புக் கட்டடம் வாங்குபவருக்கானது. வீடும் ஆபீஸுமாக வாங்கும் நீங்கள் அதை நம்பி இறங்காதீர்கள்.