பீரோவுக்குள் இருக்கும் டேப்லெட்

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். சென்னையில் ஐ.டி. வேலை, சொந்த ஊர் விருதுநகர் பக்கம். போன வருடம் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கு 20 டேப்லெட் வாங்கிக் கொடுத்தோம். கணக்கு எழுதுவது, ஆங்கிலம், ஆடு மாடு வளர்ப்பு என்று பாடங்களும் ஏற்றிக் கொடுத்தோம். பொங்கலுக்குப் போய்ப் பார்த்தால் பாதி பீரோவுக்குள் இருக்கிறது, மீதியில் பையன்கள் கேம் ஆடுகிறார்கள். ஒருத்தர்கூட ஒரு பாடத்தை முடிக்கவில்லை. கேட்டால் "எங்கப்பா நேரம்" என்று சிரிக்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் கற்கும் ஆர்வமே போய்விடுமோ? எங்கே தப்பு செய்தோம்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

கைக்காசு போட்டுச் செய்திருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. ஏனென்றால் இனி கொஞ்சம் திட்டப் போகிறேன்.

ஆர்வம் இல்லை என்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வீட்டுக்காரர் கழித்துப் போட்ட, திரை விரிசல் விட்ட போனில், எல்லாரும் தூங்கியபிறகு யூடியூப் பார்த்து பிளவுஸ் கட்டிங் கற்றுக்கொண்டார். ஒரு கையில் அளவு டேப், இன்னொரு கையில் சாக்பீஸ், வீடியோவை நிறுத்த முழங்கை. மகனுடைய பழைய கணக்கு நோட்டில் முன்கழுத்து ஆறரை, பின்கழுத்து ஒன்பது என்று குறித்து வைத்திருப்பதை நானே பார்த்தேன். பையன் அன்றைய டேட்டாவைத் தீர்த்துவிட்டால் அன்றைக்குப் பாடம் கிடையாது. இதை யாரும் வாழ்நாள் கல்வி என்று சொல்வதில்லை, அவரும் சொல்வதில்லை, "சும்மா பார்த்துக்கிட்டிருக்கேன்" என்பார். இப்போது பிளவுஸுக்குக் கூலி வாங்குகிறார்.

அப்படியென்றால் உங்கள் டேப்லெட் ஏன் பீரோவுக்குப் போனது? நான் பார்த்தவரைக்கும் எல்லாம் ஒரே கேள்வியில்தான் வந்து முட்டும்: அந்தப் பொருள் வீட்டில் யாருடையது?

1991-92ல் நான் கல்லூரிப் பெண்ணாகப் பெரியவர்களுக்கு எழுதப்படிக்கச் சொல்லிக்கொடுத்த புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தேன். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். ராத்திரி வகுப்புக்குப் பெண்கள் வரவேண்டும், சொல்லிக்கொடுக்கிற பெண்கள் அடுத்த ஊருக்குப் போகவேண்டும், பஸ் கிடையாது, அப்புறம் என்ன செய்வது? நான் எத்தனையோ பேரின் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறேன், ஓடிக்கொண்டே மேட்டில் நின்று பார்க்கிற ஆண்களின் கிண்டலையும் கேட்டிருக்கிறேன். ஒன்றரை வருடத்தில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் ஓட்டிக் காட்டினார்கள். சிறுமிகளைக் கழித்துவிட்டால் மாவட்டத்தின் கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருவர் சைக்கிள் கற்றிருந்தார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள், சிலருக்கு அதுதான் வசதி, நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே.

சைக்கிள் தொழில்நுட்பமா என்று கேட்காதீர்கள். தண்ணீர்க்குடம் கட்டி, பிள்ளையை ஏற்றி, ஒருத்தி தன் இஷ்டத்துக்கு வெளியே போய் வந்தாள் என்றால் அதைவிடப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் அந்த ஊருக்கு வந்துவிடவில்லை. நான் சொல்லவந்தது வேறு. பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி கலெக்டர் வங்கிகளை நெருக்கினார். கடன் அவள் பேரில், சைக்கிளும் அவளுடையது. புருஷன் எடுத்துக்கொண்டு போனால் "தவணை நான்தானே கட்டுறேன்" என்று கேட்க வாயில் ஒரு வார்த்தை இருந்தது.

தேனியிலும் இதே கதைதான், 2009 வாக்கில். கனடாவில் இருக்கிற காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் என்ற அமைப்பும் தேனியில் வேலை செய்த விடியல் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. குழுப் பெண்கள் ஆடு வளர்ப்புக்குத் தாங்களே திட்டம் போட்டு வங்கியில் கடன் கேட்டார்கள், ஆட்டு விலையோடு ஒரு மொபைல் விலையையும் சேர்த்துக் கேட்டார்கள், கிடைத்தது. பாடம் போனில் குரலாக வந்தது, தமிழில், சின்னச் சின்னதாக: தீவனம், நோய், குட்டி பராமரிப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் ஆட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டே கேட்கலாம். உட்கார்ந்து படிக்க நேரம் எங்கே என்ற பேச்சே அதில் எழவில்லை. சாதாரண பட்டன் போன்தான்! உங்கள் டேப்லெட்டின் விலையில் கால்வாசி இருந்திருக்குமா?

தேனிக்கும் முன்பே, 1998 வாக்கில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. ஏம்பலம் என்ற ஊரில் மையத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் கொடுத்த இடம் கோயில் கட்டிடத்தின் ஒரு பக்கம். சாமி கும்பிடப் போகிற வாசலில் தலித்துகளுக்கும் மாதவிலக்கான பெண்களுக்கும் அப்போது அனுமதி இல்லை, கம்ப்யூட்டர் இருந்த வாசலில் யார் வேண்டுமானாலும் நுழைய முடிந்தது. இடத்தைப் பேசும்போதே அதையும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள், அதனால் நடந்தது. நீங்கள் டேப்லெட்டைக் கொடுத்த இடம் எது? குழுவை நடத்துகிற ஊக்குநர் வீடு என்றால், அந்த வீட்டுத் திண்ணைக்கு எல்லாரும் வருவார்களா, அந்தத் தெருவுக்கே வராதவர்கள் யாராவது உண்டா? நான் குற்றம் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தானே பயன்படுத்துகிற மொபைல் இருக்கிறது என்று சொன்ன பெண்கள் 54 சதவீதம்தான். ஒருமுறையாவது இணையம் பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒருவர். "வீட்டில் போன் இருக்கு" என்பதற்கும் "என்கிட்ட போன் இருக்கு" என்பதற்கும் நடுவில்தான் உங்கள் 20 டேப்லெட்டும் காணாமல் போயிருக்கிறது. இனாமாக வந்த பொருள் வீட்டுப் பொதுப்பொருள் ஆகிவிடும். பொதுப்பொருள் என்றால் முதல் உரிமை பையனுக்கு, பெண்ணுக்கு வந்து சேரும்போது பேட்டரி 3 சதவீதம்.

பாடத்தையும் நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். ஆங்கிலம் அவர்கள் கேட்டதா, நீங்கள் நினைத்ததா? விருதுநகர் பக்கம் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போய்விட்டு வந்து சோறாக்கித் துணி அலசி முடிக்க ஒன்பது ஆகிறவரிடம், 40 நிமிட வீடியோவை முடிக்கவில்லையே என்று கேட்டால் அவர் சிரிக்கத்தான் செய்வார்.

என்ன செய்யலாம் என்றால், அடுத்த குழுக் கூட்டத்தில் போய் உட்காருங்கள், பேசாமல் உட்காருங்கள். டேப்லெட்டுக்குக் குழுவே ஒரு சின்ன விலை வைக்கட்டும், வேண்டும் என்கிறவர் மாதம் ஐம்பதோ நூறோ கட்டி வாங்கிக்கொள்ளட்டும், அந்தப் பணம் குழுக் கணக்குக்கே போகட்டும், தீர்மான நோட்டில் அவர் பெயர் ஏறட்டும். ஐந்து பேர்தான் வாங்குவார்கள் என்றால் ஐந்து பேர், மீதியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கடன் சுமையாகாதா என்று கேட்பீர்கள். ஆகும், அதனால்தான் தொகையை நீங்கள் வைக்காமல் அவர்கள் வைக்கவேண்டும் என்கிறேன்.

பாடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஊருக்குப் போனதும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: 20 சார்ஜரில் எத்தனை இப்போது அந்தப் பெண்களின் கையிலேயே இருக்கிறது? எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா