குழி வெட்டும் முன்: தொல்லியல் கேள்வி–பதில்

கேள்வி: கல்லூரியில் தொல்லியல் படிக்க விரும்புகிறேன். பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு வரலாற்றுப் பிரிவை எடுப்பதா, அறிவியல் பிரிவை எடுப்பதா?

எதை எடுத்தாலும் தொல்லியலுக்கு வரலாம். வந்த பின் எந்த வேலையில் கை ஓடும் என்பதுதான் மாறும். கல்வெட்டு, நாணயம், பழைய நூல்கள் என்று போக நினைப்பவருக்கு வரலாறும் ஒரு பழைய மொழியும் வேண்டும். எலும்பு, மகரந்தம், உலோகக் கசடு, காலக்கணிப்பு என்றால் வேதியியலும் உயிரியலும் வேண்டும். தயங்குகிறவர்களுக்கு எங்கள் யோசனை: எந்தப் பிரிவானாலும் கணிதத்தைக் கைவிடாதீர்கள். 5 மீட்டர் சதுரக் குழி குறிக்கும்போது நான்கு பக்கமும் சரியாக இருந்தால் மட்டும் போதாது, மூலைவிட்டம் இரண்டும் 7.07 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் குழி சாய்சதுரமாகிவிடும். பிறகு அதற்குள் அளந்த ஒவ்வொரு பொருளின் இடமும் தப்பு.

கேள்வி: வயலில் உழும்போது பழைய பானையோடுகள் மேலே வருகின்றன. நண்பர்களோடு சேர்ந்து சிறிதாக ஒரு குழி வெட்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். பல நாடுகளில் அனுமதியில்லாமல் அகழ்வது குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் காரணம் இருக்கிறது. ஓர் ஓடு எந்த மண்ணடுக்கில், எதற்கு மேலே, எதோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் அதன் சேதி இருக்கிறது. அகழாய்வு என்பதே ஒரு முறை மட்டும் செய்யக்கூடிய சோதனை. வெட்டிய அடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது. பயிற்சி பெற்றவர்கள்கூட ஓர் இடத்தின் ஒரு பகுதியை வெட்டாமல் விட்டுவைப்பது அதனால்தான். நாளைக்கு இதைவிட நல்ல முறை வரும்.

ஓடு கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். பேனாவும் நாணயமும் அளவுகோல் ஆகாது. வடக்கு எந்தப் பக்கம் என்பதும் படத்தில் தெரியட்டும். கைபேசியில் வரும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது சில மீட்டர் பிசகலாம். ஆகவே இடம்பெயராத ஏதாவது ஒன்றிலிருந்து நாடாவால் அளந்த தூரத்தையும் எழுதுங்கள். பிறகு நிலத்துக்கு உரியவரிடமும் தொல்லியல் துறையிடமோ அருங்காட்சியகத்திடமோ தெரிவியுங்கள். இடத்தின் விவரத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். அதைப் பார்த்து முதலில் வருபவர் ஆய்வாளராக இருக்க மாட்டார்.

கேள்வி: வீட்டிலிருந்தபடி இப்போதே பழகக்கூடிய வேலை ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் மிக அவசியமான வேலை: உடைந்த விளிம்புத் துண்டை வைத்து முழுப் பானையின் விட்டத்தைக் கண்டுபிடிப்பது. புதிய மண்சட்டி ஒன்றை எடுத்து, முதலில் அதன் வாய்விட்டத்தை அளந்து ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். சட்டியைத் துணியில் சுற்றி உடையுங்கள்.

விளிம்புத் துண்டு ஒன்றைத் தலைகீழாகச் சமமான பலகைமேல் வையுங்கள். முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே எங்கும் வெளிச்சம் தெரியாத நிலை ஒன்று வரும். பானை முழுதாக இருந்தபோது அந்தச் சுவர் நின்ற சாய்வு அதுதான். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: சாய்வு பிசகினால் கிண்ணம் தட்டாகிவிடும். அதே நிலையில் விளிம்பின் வெளிக்கோட்டைத் தாளில் வரையுங்கள். இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு நாண். நாணின் நீளத்தையும், அதன் நடுவிலிருந்து வளைவு வரை உள்ள உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். நாணின் வர்க்கத்தை உயரத்தின் 8 மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் கிடைக்கும்.

நாண் 8 செ.மீ., உயரம் 1 செ.மீ. என்றால் ஆரம் 8.5, விட்டம் 17 செ.மீ. உயரத்தை 1 மி.மீ. குறைத்து அளந்துவிட்டால் விட்டம் 18.7 ஆகிவிடும். பரவாயில்லை என்று விடலாம். அதே சட்டியின் 4 செ.மீ. துண்டில் உயரம் 2.4 மி.மீ.தான், அங்கே அதே 1 மி.மீ. பிசகினால் விட்டம் 29 செ.மீ. பக்கம் போய்விடும். சிறு துண்டுகளின் விட்டத்தை ஆய்வாளர்கள் தயக்கத்தோடு எழுதுவதற்குக் காரணம் இந்தக் கணக்கு. அகழாய்வு முகாமில் ஒருமைய வட்டங்கள் வரைந்த அட்டையில் துண்டை நகர்த்திப் பொருத்திப் பார்ப்பார்கள். அங்கும் பிசகு இதே வழியில்தான் நுழைகிறது. சக்கரத்தில் வனையாமல் கையால் செய்த பானையின் வாய் சரியான வட்டமாக இருக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பத்துத் துண்டுகளுக்குக் கணக்கிட்ட பிறகு மடித்த தாளைப் பிரியுங்கள்.

கேள்வி: ரேடியோ கார்பன் முறையில் கற்கோடரியின் வயதைக் கண்டுபிடிக்க முடியுமா?

கல்லுக்கு நேரடியாக முடியாது. உயிரோடு இருந்தவற்றுக்கே அந்த முறை: கரி, விதை, எலும்பு, துணி. உயிர் போன பின் அவற்றில் உள்ள கார்பன்-14 சிதைந்து குறைந்துகொண்டே போகும். அது பாதியாகக் குறைய ஆகும் காலம், அதாவது அரை ஆயுள், சுமார் 5,730 ஆண்டுகள்; ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு மேல் அளக்கப் போதுமான அளவு மிஞ்சாது. கோடரியோடு ஒரே அடுக்கில் கிடந்த கரியை அளந்து கோடரிக்குக் காலம் சொல்கிறோம். எலி வளை வழியே மேலிருந்து இறங்கிய கரியாக இருந்தால் முடிவு கோணிப்போகும். இன்னொரு பிசகு, மரம் வளர்ந்த காலத்துக்கும் அது எரிந்த காலத்துக்கும் இடையே உள்ள இடைவெளி. பெரிய மரத்தின் நடுவில் உள்ள பழைய வைரப் பகுதியின் கரி சில நூறு ஆண்டுகள் கூடுதலாகக் காட்டலாம். அதனால் ஒரே ஆண்டில் விளைந்த தானியம் கிடைத்தால் அதையே அனுப்புவது நல்லது.

கேள்வி: எனக்கு 15 வயது. அகழாய்வில் சேர்த்துக்கொள்வார்களா?

பல பயிற்சி முகாம்கள் 16 அல்லது 18 வயது நிரம்பியவர்களைத்தான் குழியில் இறக்கும். ஓடு கழுவும் இடத்துக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். மென்மையான தூரிகை, சாதாரணத் தண்ணீர், நிழலில் உலர்த்தல், இவ்வளவுதான் வேலை. கீறல் எழுத்தோ வண்ணமோ தெரிந்தால் தேய்ப்பதை உடனே நிறுத்திவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். ஒரு பையின் ஓடுகளை முழுதாக முடித்து, அதன் சீட்டையும் அவற்றோடு வைத்த பிறகே அடுத்த பையைப் பிரியுங்கள்.